தலையில்லாத தாத்தாவும் ஒன்பதாம் நம்பரும்

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம். இப்ப வந்ததும் வராததுமா ஒரு கொசுவத்திய சுத்த ஆரம்பிக்கிறேன். இந்தக் கொசுவத்தில நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததும் இருக்கு, பொறுத்துக்கோங்க.

பொங்கலுக்குக் கடலூர் போயிருந்தேன். திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கற எங்க ஆயா வீடு. (பாட்டிய எங்க பக்கம் ஆயான்னுதான் கூப்பிடுவோம். சென்னை ஆபீஸ்ல "ஆயாவ பாக்கப் போறேன்"னு சொன்னா, குழந்தையப் பாத்துக்கற ஆயாவான்னு கேக்கறாங்க. அவ்வ்வ்.) போகிக்கு பரண சுத்தம் பண்ற வேலை வழக்கம்போல என் தலையில. வீட்லயே உசரமா இருக்கறதுக்கு இதான் தண்டனை. பழைய பித்தளைக் குண்டான், அத்தையோட டைப்ரைட்டிங் புஸ்தகம், காது போன ஒரு ரேடியோ, அதுக்கெல்லாம் அடியில ஒரு டிரங்குப் பெட்டி. உள்ள தாத்தாவோட ரெண்டு வேட்டி, ஒரு மூக்குக் கண்ணாடி, தோல் உறைக்குள்ள ஒரு கேமரா. ஆக்ஃபா கிளிக் III.

அப்பா வயசுக்காரங்களுக்கு இந்தக் கேமராவத் தெரிஞ்சிருக்கும். அந்தக் காலத்துல இந்தியாவுல நடுத்தரக் குடும்பங்களுக்குன்னே வந்த பெட்டிக் கேமரா. ஃபோகஸ் பண்ற வேலையே கிடையாது. ஷட்டர் வேகமும் ஒண்ணே ஒண்ணுதான். வெயில் படம், மேகம் படம் போட்ட ஒரு சின்ன திருகு இருக்கும், அவ்வளவுதான் செட்டிங்ஸ். 120 ஃபிலிம் போட்டா சதுரம் சதுரமா 12 படம் விழும்.

கையில கேமரா கிடைச்சா மனுஷன் என்ன பண்ணுவான்? லென்ஸ மூஞ்சிக்கு நேரா திருப்பி ஒரு கிளிக் அடிச்சேன். "டக்"குனு சத்தம் வந்துச்சு. அட, வேலை செய்யுதேன்னு பின்பக்கம் திருப்பினா, முதுகுல ஒரு குட்டி சிவப்பு ஜன்னல். அதுக்குள்ள மங்கலா ஒரு எண் தெரிஞ்சுது. 9.

ஙே. உள்ள ஃபிலிம் இருக்கு!

ஆயாகிட்ட ஓடினேன். 84 வயசு. காது கொஞ்சம் மந்தம், ஞாபகமும் இப்பல்லாம் வந்து வந்து போகுது. என் பேரக் கூட சில நேரம் அப்பா பேரா மாத்திக் கூப்பிடும். கேமராவ கையில வாங்கிப் பாத்துட்டு, "இத ஏண்டா எடுத்த.. அவரு வைவாரு"ன்னுச்சு. அப்புறம் அதுவே சிரிச்சுக்கிச்சு.

தாத்தா 89 மாசி மாசம் போயிட்டாரு. அப்ப அவருக்கு 54. சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ஆபீஸ் வேலை, குடும்பமும் அங்கதான். அவர் போனதுக்கப்புறம்தான் ஆயா தன்னோட பொறந்த வீட்டுக்கு, கடலூருக்கு வந்தது. நான் தாத்தாவ பாத்ததே இல்ல. எனக்குத் தெரிஞ்ச தாத்தா கூடத்துச் சுவத்துல இருக்கற ஒரு ஃபோட்டோதான். ஏதோ ஆபீஸ் அப்ளிகேஷனுக்கு எடுத்த தம்மாத்துண்டு படத்தப் பெருசாக்கி, ஸ்டுடியோல டச்சப் பண்ணது. புருவத்த யாரோ பென்சிலால வரைஞ்சிருப்பாங்க. "இது அவரு மாதிரியே இல்ல"ன்னு ஆயா வருஷா வருஷம் திவசத்தன்னிக்கு சொல்லும். வேற படம் இல்லியான்னா, "எல்லாரையும் அவரு எடுத்தாரு. அவர எடுக்க ஆளில்ல"ன்னும். வீட்டு ஆல்பத்துல எல்லாரும் இருக்காங்க. கேமராவுக்குப் பின்னாடி இருந்தவர் மட்டும் இல்ல.

"ஆயா, இதுல தாத்தா இருப்பாரா?"

ரொம்ப நேரம் யோசிச்சுச்சு. "ஒரு தடவ எங்கையில குடுத்தாரு. காணும் பொங்கலுக்கு. சில்வர் பீச்சுல. அமுக்கச் சொன்னாரு, அமுக்கினேன். அது விழுந்துச்சோ என்னவோ."

எனக்கு வயித்துல என்னவோ செஞ்சுது. காணும் பொங்கல் ஜனவரி. மாசில தாத்தா இல்ல. அந்த ரோல கழுவறதுக்கு அவருக்கு நேரமே இருந்திருக்காது.

கடலூர்ல ரெண்டு ஸ்டுடியோல கேட்டேன். கருப்பு வெள்ளையக் கழுவறத விட்டே பல வருஷம் ஆச்சுன்னுட்டாங்க. ஒருத்தர் நல்ல மனசோட, "சிதம்பரத்துல ஒரு பெரியவர் இருக்காரு, அந்தக் காலத்துல டார்க் ரூம்ல கெடந்தவரு"ன்னு வழி சொன்னார். மறுநாளே பஸ் ஏறிட்டேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர்னு கண்டக்டர் கத்திக்கிட்டே வர, மடியில குழந்தை மாதிரி கேமரா.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல இருக்கும். தேர் ஓடற வீதி ஒண்ணுல ஸ்டுடியோ வச்சிருந்தவர். இப்ப அந்த இடத்துல செல்ஃபோன் கடை. (பேர் போடலாமான்னு கேட்டேன், வேணாம் தம்பின்னுட்டார்.) கேமராவ வாங்கி ஜன்னலப் பாத்தார். "யாராவது அமுக்குனீங்களா?" அசடு வழிய என் கதையச் சொன்னேன். "வீட்டுக்குள்ளயா? அப்ப விடுங்க. வயசான ஃபிலிம், கண்ணு மங்கியிருக்கும். பரண் வெளிச்சத்துல உங்க மூஞ்சியெல்லாம் அதுக்குத் தெரியாது"ன்னார். அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அப்புறம் எடுத்தார் பாருங்க ஒரு கிளாஸ். நாலு வருஷ இன்ஜினியரிங்ல ஒரு லெக்சரரும் இப்படி எடுக்கல.

ஃபிலிம்ல இருக்கறது ஜெலட்டின்ல தூவின வெள்ளி உப்புப் படிகங்கள். ஷட்டர் திறக்கற அந்த ஒரு நொடித்துண்டுல வெளிச்சம் படற படிகத்துல மட்டும் சில அணு வெள்ளி உருவாகும். கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப் வச்சாலும் படமாத் தெரியாது. டெவலப்பர் போய் அந்தப் படிகத்த மட்டும் தேடிப் பிடிச்சு முழுக்க வெள்ளியா மாத்தும். கோடிக்கணக்கான மடங்கு பெருசாகும். அதுக்கப்புறம் ஹைப்போ, வெளிச்சம் படாத உப்பக் கரைச்சு வெளிய தள்ளும். இந்த ஹைப்போ வெள்ளி உப்பக் கரைக்கும்னு ஜான் ஹெர்ஷல் 1819லயே கண்டுபிடிச்சுட்டார். அப்ப ஃபோட்டோகிராஃபியே பொறக்கல.

பிரச்சினை என்னன்னா, வெளிச்சம் படாத படிகமும் சும்மா இருக்காது. வெயில் சூடு, ஈரம், காஸ்மிக் கதிர்கள்னு வருஷக்கணக்கா அடி வாங்கி, தானாவே பாதி வெந்துரும். கழுவினா எல்லாம் சேந்து கருக்கும். இதுக்குப் பேர் ஃபாக். எங்க பரண் வேற கடலூர்ப் பரண். 2011 டிசம்பர் 30ம் தேதி தானே புயல்ல ஓடு பறந்து மழை உள்ள இறங்கின பரண். பெட்டி மூடி துருப்பிடிச்சிருந்துச்சு. உறைக்குள்ள தண்ணி போச்சா இல்லியா, யாருக்கும் தெரியாது.

மூஞ்சி தொங்கிப் போச்சு எனக்கு. பெரியவர், "ஐஸ்ல கெடந்த ஃபிலிமே வந்திருக்கு தம்பி, பாப்போம்"னார். அவர் என்ன சொன்னார்னு வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 1897ல ஸ்வீடன்காரர் ஆந்த்ரே ரெண்டு பேரோட பலூன்ல வட துருவத்துக்குக் கிளம்பினார். மூணு பேரும் திரும்பவே இல்ல. 1930ல, 33 வருஷம் கழிச்சு, ஒரு பனித்தீவுல அவங்க முகாம் கிடைச்சுது, ஃபிலிமும் கிடைச்சுது. ஹெர்ட்ஸ்பெர்க்னு ஒருத்தர் பொறுமையாக் கழுவி 93 படத்தக் காப்பாத்தினார். அதுல விழுந்து கிடக்கற பலூனும் பக்கத்துல நிக்கற மனுஷங்களும் தெரியறாங்க. ஆனா அது பனி. ஃபிலிமுக்கு ஃப்ரிட்ஜ் மாதிரி. நம்ம ஊர் அடுப்பு.

"ஒன்பதுன்னு தெரியுது. ஆனா ஒன்பத எடுத்துட்டாங்களா, எடுக்கறதுக்காக சுத்தி வச்சாங்களான்னு தெரியாது. அதனால இங்க அமுக்காதீங்க. பத்துக்கு சுத்திருங்க. மீதி மூணு இருக்கு"ன்னவர் கொஞ்சம் நிறுத்தி, "அதுல உங்க பாட்டிய எடுங்களேன்"னார்.

இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அப்படியே கழுவிரலாம்னுதான் நினைச்சேன்.

பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் வேகம் குறையும்னு ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. 36 வருஷம்னா மூணரை ஸ்டாப். 125 வேக ஃபிலிம் இப்ப கிட்டத்தட்ட 11. அதனால நல்ல வெயில்ல நிக்க வச்சு, மேகம் படத்துல திருகு வைக்கணும், அப்பதான் நிறைய வெளிச்சம் போகும். ஆயாவ உச்சி வெயில்ல முற்றத்துல உக்கார வச்சேன். "கண்ணு கூசுதுடா"ன்னுச்சு. மூணு தடவ டக், டக், டக். அதுக்கப்புறம் பேப்பர் முடியற வரைக்கும் சுத்தி, வெளிய எடுத்தேன். நாக்கால நனைச்சு ஒட்டற பட்டிய ஒட்டிட்டு லேபிளப் பாத்தா "இந்து". நம்ம ஊட்டி ஃபிலிம்!

இத ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். ஊட்டில 1960ல ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1967ல உற்பத்தி தொடங்குச்சு. நம்மாளுங்க இருட்டுல வேலை செஞ்சு ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், பிரிண்ட் பேப்பர்னு தயாரிச்சாங்க. கலர் வந்து, அப்புறம் டிஜிட்டல் வந்து, நஷ்டத்துல மூழ்கி, கடைசில மூடியே மூடிட்டாங்க. நம்ம அப்பா அம்மா கல்யாண ஆல்பத்துல, தாத்தாங்களோட நெஞ்சு எக்ஸ்ரேல எல்லாம் ஊட்டி இருட்டு கொஞ்சம் இருக்கு.

கழுவற வேலைய நான்தான் செய்யணும்னு பெரியவர் கண்டிப்பாச் சொல்லிட்டார். அவருக்குக் கை நடுங்குது. டாங்க், சுருள், மருந்தெல்லாம் ஆன்லைன்ல வாங்கினேன். ஒரு புது ரோல தியாகம் பண்ணி சுருள்ல ஏத்திப் பழகினேன். முதல்ல வெளிச்சத்துல, அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, அப்புறம் இருட்டுல. ஒரு வாரம் இதான் வேலை. வீட்ல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. என்ன பண்றது, ஆபீஸ்லன்னா டெஸ்ட் சர்வர் இருக்கு, பேக்கப் இருக்கு, ஏதாவது சொதப்பினா ரோல்பேக் இருக்கு. இங்க ரோல் மட்டும்தான், ரோல்பேக் இல்ல :)

ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி. பாத்ரூம் ஜன்னல்ல கருப்பு குப்பைக் கவர், கதவுக்கு அடியில துண்டு. எல்லாம் அணைச்சப்புறமும் ஒரு பச்சை வெளிச்சம் தெரிஞ்சுது, பாத்தா என் கைக்கடிகாரம். அதையும் கழட்டி வெளிய வச்சேன். இருட்டுல பேப்பர உரிச்சா, 36 வருஷமா ஒரே மாதிரி சுருண்டு கிடந்த ஃபிலிம் விட்டாப் போதும்னு திரும்பச் சுருண்டுக்குது. கை வேர்க்குது. பாதில சுருள்ல மாட்டிக்கிச்சு. இழுத்தா மடங்கிரும். அப்படியே ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தேன். வெளிய ஆயா இருமற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பெரியவர் சொன்ன மாதிரி லேசா ரெண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி விட்டேன். போச்சு. உள்ள போயிருச்சு.

டெவலப்பர் டி-76. ஃபாக்க அடக்க பென்சோட்ரயசோல் கொஞ்சம், பெரியவர் சொன்ன அளவுல. மருந்து 20 டிகிரில இருக்கணும். எங்க ஊர்க் குழாய்த் தண்ணி ஏப்ரல்ல 30க்கு மேல. ஐஸ் கட்டிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி பக்கெட்ல போட்டு, மருந்து பாட்டில அதுல நிக்க வச்சேன். எட்டு நிமிஷம். நிமிஷத்துக்கு ஒரு தடவ டாங்க கவுத்து நிமிர்த்தணும். அப்புறம் தண்ணி, அப்புறம் பத்து நிமிஷம் ஹைப்போ. மூடியத் திறக்கறதுக்கு முன்னாடி படால்னு ஒரு எண்ணம். திறக்காத வரைக்கும் தாத்தா உள்ள இருக்காரு. திறந்துட்டா இல்லாமப் போகலாம். 36 வருஷமா "இருக்கலாம்"னு இருந்தவர நான் இப்ப "இல்ல"ன்னு ஆக்கப் போறேனோ?

திறந்தேன்.

முதல் மூணும் காலி. ஓரத்துல தண்ணி போன தடம், ஒரே கருப்பு. நாலாவதுல சாஞ்ச மாதிரி ஒரு கோபுரம். அஞ்சாவதுல தேர் வடம், இழுக்கற கைகள், ஏகப்பட்ட முதுகுகள். 88 மார்கழி ஆருத்ரா தேரா இருக்கணும். மூலவரே வீதிக்கு வந்து தேர் ஏறற ஊராச்சே. ஆறாவதுல அத்தை! ரெட்டை ஜடை, பின்னாடி மீட்டர்கேஜ் ரயில், சிதம்பரம் ஸ்டேஷன். ஏழாவதுல வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் சைக்கிள்மேல சாஞ்சு நிக்கறார். இன்னிக்கு வரைக்கும் அவர் யாருன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. எட்டாவதுல கடல், காத்துல பறக்கற புடவையப் பிடிச்சுக்கிட்டு 48 வயசு ஆயா.

ஒன்பதாவது.

கொடில கிளிப் போட்டு காயவிட்டு, லேப்டாப்ல வெள்ளை ஸ்க்ரீன் வச்சு அதுமேல நெகட்டிவப் பிடிச்சு மொபைல்ல எடுத்து, கருப்ப வெள்ளையா மாத்தினேன். படம் முழுக்க மூட்டம். ஃபிலிம் பேப்பர்ல அச்சடிச்ச எண்கள் பேய் மாதிரி வானத்துல பதிஞ்சிருக்கு. கீழ மணல்ல சிவப்பு ஜன்னல் அளவுக்கு ஒரு வட்டக் கறை. நடுவுல ஒரு ஆள். வேட்டி, முழுக்கைச் சட்டை, ஒரு கையில குடை, இன்னொரு கை எங்களப் பாத்து நீண்டிருக்கு.

தலை இல்ல.

கழுத்தோட படம் முடிஞ்சிருச்சு. 36 வருஷம், புயல், ஐஸ், டி-76 எல்லாம் தாண்டி வந்த தாத்தாவுக்கு தலை இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் சிரிச்சேனா அழுதேனான்னு எனக்கே தெரியல.

காலைல ஆயாகிட்ட எப்படிக் காட்டறதுன்னு ஒரே யோசனை. மத்த படத்தையெல்லாம் காட்டிட்டு கடைசியா இதக் காட்டினேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு லேப்டாப்புக்குக் கிட்ட வந்து பாத்துச்சு. ரொம்ப நேரம் பேசவே இல்ல.

"தலைய வெட்டிட்டனா நானு?"

"பரவால்ல ஆயா.."

"பின்னாடி போ, பின்னாடி போன்னாரு. இந்தா, கையக் காட்றாரு பாரு. எனக்குப் பின்னாடி அலை. புடவ நனைஞ்சுரும்னு நான் போகல. நின்ன எடத்துலயே அமுக்கிட்டேன்." அப்புறம் ஸ்க்ரீன்ல விரல வச்சுச்சு. குடை பிடிச்ச கையில, குடையோட சேத்து இன்னும் எதையோ பிடிச்சிருக்கார். நான் அத ஏதோ பைன்னு நினைச்சிருந்தேன். "என் செருப்புடா. மணல்ல நடக்க வரலன்னு கழட்டினேன். நாலு பேரு பாக்கறாங்க குடுங்கன்னேன், குடுக்கல."

84 வயசுல ஒருத்தர் வெக்கப்பட்டு நான் பாத்ததில்ல. அன்னிக்குப் பாத்தேன்.

"மூஞ்சி வரலியே ஆயா"ன்னேன். எனக்குத்தான் ஆத்தாமை.

"மூஞ்சி எனக்குத் தெரியும்டா. கைதான் மறந்து போயிருந்துச்சு"ன்னுச்சு.

அதுக்கப்புறம் நான் என்ன பேச முடியும் சொல்லுங்க.

பத்தாவதுல ஆயா கண்ணச் சுருக்கிக்கிட்டு, ஆவி மாதிரி மெலிசா விழுந்திருக்கு. பதினொண்ணு என் கை ஆடிப் போச்சு. பன்னெண்டு நல்லா இருக்கு, பல்லில்லாம சிரிக்குது. ஆக ஒரே ரோல்ல எட்டாவதுல 48 வயசு ஆயா, பத்துலருந்து 84 வயசு ஆயா. எட்ட எடுத்தவர் தாத்தா, பத்த எடுத்தவன் நான், நடுவுல ஒன்பத எடுத்தது ஆயா.

நெகட்டிவ எடுத்துக்கிட்டு மறுபடி சிதம்பரம் போனேன். பெரியவர் ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பாத்தார். "பொம்பளைங்க கையில குடுத்தா தலைய வெட்டிருவாங்க"ன்னு ஒரு ஜோக் அடிக்கப் பாத்தார், செருப்புக் கதையச் சொன்னதும் சும்மா ஆயிட்டார். காபி வாங்கிக் குடுத்தார். மருந்து சொன்னதுக்கு ஏதாவது குடுக்கறேன்னேன். "அந்தப் பத்தாம் நம்பர்ல ஒரு பிரிண்ட் குடுங்க, போதும்"னார். ஏன் நல்லா வந்த பன்னெண்டு வேணாமான்னு கேட்டேன். "நான் எடுக்கச் சொன்ன படம்ல"ன்னார்.

கூடத்துல இப்ப ரெண்டு ஃபோட்டோ இருக்கு. பென்சில் புருவம் போட்ட பழைய தாத்தா அப்படியேதான் இருக்கார், பூ அவருக்குத்தான். தலையில்லாதவர மாட்டினா வர்றவங்க பயப்படுவாங்கன்னு அப்பா சொல்லிப் பாத்தார். ஆயா கேக்கல. தன் கட்டிலுக்கு நேரா மாட்டச் சொல்லிருச்சு. போன வாரம் ஃபோன் பண்ணப்ப என்னை மறுபடி அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிட்டுச்சு. ஆனா அந்தச் செருப்பு எந்தக் கடையில வாங்கினதுன்னு மட்டும் கரெக்டா சொல்லுச்சு.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பழைய கேமரா இருக்கலாம். இருந்தா முதுகப் பாருங்க. ஜன்னல்ல எண் தெரிஞ்சா, தயவு செஞ்சு மூடியத் திறந்துராதீங்க. வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா, கழுவறதுக்கு முன்னாடி அவங்களக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேளுங்க.

பி.கு.: ஏழாம் நம்பர் சைக்கிள்காரர் யாருன்னு இன்னும் தேடறேன். 88, 89ல சிதம்பரத்துல இருந்தவங்க வீட்ல, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிள்ல சாஞ்சு நிக்கற பழக்கம் உள்ள தாத்தா யாராவது இருந்தா சொல்லுங்க. அவருக்கும் ஒரு பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன். அவருக்குத் தலை இருக்கு :)